வேற்றுக் கிரகங்களில் சூரிய கிரகணம்

நிகோபார்த் தீவுக்கூட்டத்தின் நடுவே, நன்கௌரித் துறைமுகத்தின் ஒரு கரையாக அமைந்த தீவு கமோர்த்தா. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அத்தீவில் ஒரு விஞ்ஞானக் குழுவினர் தொலைநோக்கிகளையும் நிறமாலைக் கருவிகளையும் நிழற்படத் தகடுகளையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு வானத்தை நோக்கிக் காத்திருந்தனர். சூரியனின் முழுக் கிரகணம் அன்று அத்தீவின் வழியாகச் செல்ல இருந்தது. இலண்டனிலுள்ள இராயல் சங்கம் அனுப்பிய அக்குழுவுக்கு ராபேல் மெல்டோலா என்னும் இரசாயன நூலார் தலைமை தாங்கினார். நிழற்படத் தகடுகளைப் பல நிற ஒளிகளையும் உணரும்படி செய்த ஜெர்மானியராகிய ஹெர்மன் வோகலும் அங்கு வந்திருந்தார். வான நூற் பணிக்கு இரசாயன நூலார் ஏன் வந்தனர் என்று வியக்கத் தேவையில்லை. முழுக் கிரகணத்தின்போது மட்டும் சூரியனைச் சுற்றி முத்தின் நிறத்தில் தோன்றும் கரோனா என்னும் ஒளிமகுடத்தைச் சில நிமிடங்களுக்குள் தகட்டில் பதித்தாக வேண்டும். அக்காலத்தில் அது பெரும்பாலும் இரசாயன வேலையாகவே இருந்தது.

குறித்த நேரத்தில் நிழல் வந்தது. ஆனால் மேகமும் வந்தது. கடல் கடந்து கொண்டு வந்த கருவிகள் யாவும் பயனற்றுப் போயின. அதே நாளில் ஆர்தர் ஷூஸ்டரின் தலைமையில் சயாம் நாட்டுக்குச் சென்றிருந்த மற்றொரு குழு சில படங்களேனும் எடுக்க முடிந்தது.

எண்பது ஆண்டுகள் கழித்து, 1955 ஜூன் 20ஆம் நாள் சந்திரனின் கருநிழல் மீண்டும் இப்பகுதிக்கு வந்தது. இலங்கையின் மீது சென்று, வங்கக் கடலைத் தாண்டி, அந்தமான் தீவுகளைத் தழுவி, பர்மா, தாய்லாந்து நாடுகளை நோக்கி அது விரைந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுவே. பசிபிக் பக்கத்தில் உச்ச நிலையில் 7 நிமிடம் 8 விநாடி நீடித்தது. தென்மேற்குப் பருவமழைக் காலமாதலால், இலங்கையில் கூடியிருந்த வெளிநாட்டுக் குழுக்களுள் பெரும்பாலானவற்றுக்கு மேகமே தடையாயிற்று.

ஒரு சில நிமிடக் காட்சிக்காக இத்துணை முயற்சி ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குச் சிறந்த வழி, வேறு கிரகங்களில் நின்று பார்த்தால் சூரிய கிரகணம் எவ்வாறு இருக்கும் என்று ஆராய்வதேயாகும். அங்குள்ள நிலையை அறிந்தால்தான் இங்குள்ள நிலை எவ்வளவு அரிது என்பது புலனாகும்.

ஒரு பொருள் வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதைக் கோண அளவால் குறிப்பர். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் அதன் ஒரு பங்கு ஒரு கலை. பொருளின் விட்டத்தை அதன் தூரத்தால் வகுத்து, 3,438ஆல் பெருக்கினால் கலை அளவு கிடைத்துவிடும். இக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவர் எளிதில் செய்வர். சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். விடை 31 கலை. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். தூரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். விடை 32 கலை. சூரியன் சந்திரனைப்போல் 400 மடங்கு பெரியது. அது இருக்கும் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுகின்றன. இப்பொருத்தத்திற்கு இயற்கை விதி எதுவும் காரணமன்று. தற்செயலாக அமைந்தது என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை.

பொருத்தம் மிக நெருக்கமானது என்பதனாலேயே அது சிறிது பிறழ்ந்தாலும் காட்சி மாறிவிடுகிறது. சந்திரன் தன் நீள்வட்டப் பாதையில் தொலைவான இடத்தில் இருக்கும்போது சூரியனை முழுதும் மறைக்க இயலாமல், சுற்றிலும் ஒரு வளையத்தை விட்டுவிடுகிறது. இதுவே கங்கண கிரகணம். 2019 டிசம்பர் 26ஆம் நாள் கோயம்புத்தூர், திண்டுக்கல் முதலிய இடங்களில் இக்காட்சி தெரிந்தது. அந்தமான் தீவுகளில் அன்று பகுதிக் கிரகணமே தோன்றியது. சந்திரன் ஆண்டுதோறும் 3.8 செண்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது. சுமார் 60 கோடி ஆண்டுகளுக்குப் பின் பூமியில் முழுக் கிரகணமே நிகழாது; கங்கணம் மட்டுமே எஞ்சும்.

வேற்றுலகத்துச் சூரிய கிரகணத்தை நினைக்கச் செவ்வாய்க்குச் செல்லுமுன் சந்திரனிலேயே ஒருகணம் நிற்கலாம். பூமியில் சந்திர கிரகணம் நிகழும்பொழுதெல்லாம் சந்திரனில் சூரிய கிரகணம் நிகழ்கிறது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு இந்தியா முழுவதும் தெரிந்த சந்திர கிரகணத்தின்போது, முழு மறைவு 82 நிமிடங்கள் நீடித்தது. அந்நேரம் சந்திரனில் ஒருவர் நின்றிருந்தால், சூரியனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அகலமுள்ள கரிய பூமி, சூரியனை விழுங்கி நிற்பதைக் கண்டிருப்பார். பூமியின் விளிம்பைச் சுற்றிச் செந்நிற வளையம் ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். பூமியின் காற்று மண்டலத்தில் அப்பொழுது நிகழும் உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்த ஒளி அது. சந்திரன் அந்நேரத்தில் செம்புப் பாத்திரம் போல் சிவப்பதும் அவ்வொளியினாலேயே. இது வெறுங் கற்பனையன்று. 1967 ஏப்ரலில் சர்வேயர் 3 என்னும் கலம் சந்திரனில் இருந்தவாறே இத்தகைய கிரகணத்தைப் படம் எடுத்தது. 2025 மார்ச் 14ஆம் நாள் புளூ கோஸ்ட் என்னும் கலமும் எடுத்தது.

புதனுக்கும் வெள்ளிக்கும் உபகிரகம் இல்லை. ஆகவே அங்குக் கிரகணமும் இல்லை. செவ்வாய்க்கு உள்ளவை போபோஸ், டெய்மோஸ் என்னும் இரண்டு சிறு பாறைகள். செவ்வாயின் வானத்தில் சூரியன் 21 கலை அகலமே உடையது. ஆயினும் போபோஸ் நேர் தலைக்குமேல் வரும்போதும் சுமார் 12 கலைதான். எனவே அது சூரியனின் நடுவே ஒரு கரிய உருளைக்கிழங்கு போல் நுழைந்து, அரை நிமிடம் அளவில் கடந்து போய்விடுகிறது. டெய்மோஸ் 2 கலையே. அது சூரியன் மீது ஊரும் ஒரு பொட்டு மட்டுமே. செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2004 மார்ச்சில் இவ்விரண்டையும் பதிவு செய்தது. பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2022 ஏப்ரல் 2ஆம் நாள் எடுத்த போபோஸ் கிரகணம் 40 விநாடிக்குச் சற்று மேல் நீடித்தது. போபோஸ் எந்த விநாடியில் சூரியனைத் தொடுகிறது என்று குறிப்பதன்மூலம் அதன் பாதையை நுட்பமாக அளவிடுகின்றனர். அது நூறாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் வீதம் செவ்வாயை நெருங்கி வருகிறது. பல கோடி ஆண்டுகளில் அது சிதறிப்போகும், அல்லது செவ்வாயின் மீது விழும்.

அதே 2022 ஏப்ரல் மாதத்தில் செவ்வாயில் மற்றொரு வகைக் கிரகணமும் நேர்ந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். அதில் இழப்பு நம் நாட்டினுடையது.

மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ராக்கெட்டு வங்கக் கடலின்மேல் கிழக்கு நோக்கிச் சென்றபோது அதனைத் தொடர்ந்து கண்காணித்த நிலையங்களுள் போர்ட் பிளேயரில் உள்ள இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் ஒன்று. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற ஊர் அதுவே. அதற்கப்பால் புரூணையிலும் இந்தோனேசியாவின் பியாக் தீவிலும் பசிபிக் கடலில் நிறுத்திய கப்பல்களிலும் இருந்து கண்காணிப்புத் தொடர்ந்தது. 2014 செப்டம்பர் 24ஆம் நாள் கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. ஆறு மாதம் உழைக்கும் என்று அமைத்த அக்கலம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

மங்கள்யானின் பாதை மிக நீண்ட நீள்வட்டம். அண்மையில் செவ்வாயின் தரைக்கு 422 கிலோமீட்டர் உயரம். சேய்மையில் ஏறத்தாழ 77,000 கிலோமீட்டர். அண்மையில் அது விநாடிக்கு 4.6 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். சேய்மையிலோ விநாடிக்கு 0.22 கிலோமீட்டராக, அதாவது மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டராகத் தளர்ந்து ஊரும். செவ்வாயின் நிழல் அதன் விட்டத்தை ஒட்டியே, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலமுடையது. அந்நிழலை அண்மையில் கடக்க 25 நிமிடம் போதும். சேய்மையில் கடக்க நேர்ந்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். நிழலின் அகலம் பெரிதும் மாறவில்லை. கடப்பவரின் வேகமே மாறியது.

கலத்தின் பாட்டரி 1 மணி 40 நிமிட இருளைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது. இருள் அதற்கு மேல் நீடித்தால் மின்சாரமும் தீரும். வெப்பமும் போய்க் கருவிகள் உறைந்துவிடும். ஆகவே நீண்ட கிரகணம் ஒன்று வர இருப்பதைக் கணக்கிட்டு அறிந்த நம் விஞ்ஞானிகள், 2017 ஜனவரியில் சுமார் 20 கிலோகிராம் எரிபொருளைச் செலவிட்டுப் பாதையைச் சற்று மாற்றினர். கலம் தப்பியது. ஆனால் மீண்டும் பாதையை மாற்றப் பின்னர் எரிபொருள் எஞ்சவில்லை என்று கருதப்படுகிறது. 2022 ஏப்ரலில் அடுத்தடுத்துக் கிரகணங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ ஏழரை மணி நேரம் நீடித்தது. அதன்பின் மங்கள்யானிடமிருந்து ஒலி எதுவும் வரவில்லை. கமோர்த்தாவில் மேகம் கிரகணத்தை மறைத்தது. செவ்வாயில் கிரகணமே கலத்தை விழுங்கிற்று.

மங்கள்யானின் பாதை நீண்ட நீள்வட்டமாக இருந்ததோடு, செவ்வாய் சுழலும் திசைக்கு எதிர்த் திசையிலும் அமைந்திருந்தது. பெருங்கிரகங்களுக்கு இத்தகைய பாதையுடைய உபகிரகங்கள் மிகப் பல உண்டு. அவற்றை ஒழுங்கற்ற உபகிரகங்கள் என்பர். வகுப்பில் இச்சொல்லைக் கூறும்போது ஓர் எச்சரிக்கை தேவை: ஒழுங்கற்றது என்பது உருவத்தைக் குறித்ததன்று, பாதையைக் குறித்தது. போபோஸ் உருவத்தில் கோணலானது. ஆயினும் செவ்வாயின் நடுக்கோட்டுக்கு மேலே வட்டமாகச் சுற்றுவதால் அது ஒழுங்கான உபகிரகமே. ஒழுங்கற்றவையோ கிரகத்திலிருந்து நெடுந்தொலைவில், சாய்ந்த, நீண்ட பாதைகளில், பெரும்பாலும் எதிர்த் திசையில் சுற்றுகின்றன. இவை கிரகத்தோடு உடன் பிறந்தவையல்ல. சூரியனைச் சுற்றித் திரிந்த பொருள்கள் பிற்பாடு கிரகத்தின் ஈர்ப்பில் அகப்பட்டன என்பதே விஞ்ஞானிகளின் கருத்து.

முதலில் வியாழனை நோக்குவோம். அங்குச் சூரியன் 6 கலை அளவே. கலிலியோ கண்ட நான்கு பெரிய உபகிரகங்களும் ஒழுங்கானவை. வியாழனின் மேகப் பரப்பிலிருந்து பார்த்தால் ஐயோ 36 கலை. ஐரோப்பாவும் கானிமீடும் 18 கலை அளவு. கலிஸ்டோ 9 கலை. நான்கும் சூரியனைவிடப் பெரியன. நான்கும் முழுக் கிரகணம் உண்டாக்கும். பூமியிலிருந்து சிறு தொலைநோக்கியில் பார்த்தாலும் வியாழனின் முகத்தில் அவற்றின் நிழல் மைத்துளி போல் நகர்வது தெரியும். வியாழனின் நிழலுக்குள் ஐயோ புகும் நேரம், வியாழன் பூமிக்கு அருகில் இருக்கும் காலத்தில் முந்தியும் தொலைவில் இருக்கும் காலத்தில் பிந்தியும் வருவதைக் கொண்டே ஓலே ரோமர் 1676இல் ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டினார்.

ஆனால் வியாழனின் ஒழுங்கற்ற உபகிரகங்களுள் பெரியதாகிய ஹிமாலியா உண்டாக்கும் கிரகணம் பரிதாபமானது. அதன் குறுக்களவு 170 கிலோமீட்டர் அளவு. தூரம் 1 கோடியே 14 லட்சம் கிலோமீட்டர். கணக்கிட்டால் ஒரு கலையில் இருபதில் ஒரு பங்குதான் வரும். சூரியனின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அத்துகள் குறுக்கே போவதை வெறுங்கண்ணால் உணரவும் முடியாது.

இனி இடத்தை மாற்றிக்கொண்டு, ஹிமாலியாவில் நின்று வியாழனை நோக்கினால் கதை தலைகீழாகிறது. அங்கு வியாழன் 43 கலை. சூரியனைப்போல் ஏழு மடங்கு அகலம். அது சூரியனை மறைக்கும்போது முழுமையாகவே மறைக்கும். ஆனால் ஹிமாலியாவின் பாதை ஏறத்தாழ 28 பாகை சாய்ந்திருப்பதால், சூரியனும் வியாழனும் ஹிமாலியாவும் ஒரே கோட்டில் அமைவது அரிது. பெரும்பாலான சுற்றுகளில் அது நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடும். நம் சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதனாலேயே ஒவ்வோர் அமாவாசையிலும் கிரகணம் வராமல் போகிறது. 28 பாகைக்கு எவ்வளவு அருமையாகும் என்பதை மாணவரே ஊகித்துக்கொள்வர்.

சனியின் ஒழுங்கற்ற உபகிரகம் பீபி. வில்லியம் பிக்கரிங் 1899இல் நிழற்படத் தகடுகளின் உதவியால் இதைக் கண்டறிந்தார். நிழற்படத்தால் கண்டுபிடித்த முதல் உபகிரகம் இதுவே. சனியிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எதிர்த் திசையில், 550 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2004 ஜூன் 11ஆம் நாள் காசினி விண்கலம் இதனருகே சென்றபோது, பள்ளங்கள் நிறைந்த கரிய உருண்டை ஒன்றைப் படம்பிடித்தது. அங்கு நின்று பார்ப்பவருக்குச் சனி 32 கலை அளவாகத் தோன்றும். நம் வானத்தில் சந்திரன் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. ஆனால் அங்குள்ள சூரியன் 3 கலைக்குச் சற்று மேற்பட்ட ஒரு சிறு வட்டமே. எனவே பூமியில் உள்ள நுட்பமான பொருத்தம் அங்கு இல்லை. சனியின் விளிம்புக்குள் சூரியன் ஆழப் புதைந்துபோகும். கரோனா முழுதும் மறைந்துவிடும். நிழலின் நடுவே கடந்தால் அங்குக் கிரகணம் ஏறத்தாழ 17 மணி நேரம் நீடிக்கும்.

கரோனா தெரியாவிடினும் அக்காட்சிக்குத் தனி அழகு உண்டு. 2006 செப்டம்பர் 15ஆம் நாள் காசினி விண்கலம் சனியின் நிழலுக்குள் சென்று, சூரியனை மறைத்து நின்ற சனியைப் படம் எடுத்தது. பின்னாலிருந்து ஒளி பட்டபடியால் வளையங்கள் யாவும் தீச்சுடர் போல் ஒளிர்ந்தன. பகலொளியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூசி வளையங்களும் அப்படத்தில் வெளிப்பட்டன. சாளரத்தின் வழியே விழும் ஒளிக்கற்றையில் அறையிலுள்ள தூசி தெரிவது போன்றதே இது. அவ்வளையங்களுக்கு அருகில் ஓர் ஒளிப்புள்ளியாகப் பூமியும் அப்படத்தில் இருக்கிறது.

யுரேனஸை விட்டு நெப்டியூனுக்குச் சென்றால், நீரீட் என்னும் உபகிரகத்தைக் காணலாம். ஜெரார்டு கைப்பர் 1949இல் கண்டது இது. நெப்டியூனிலிருந்து இதன் தூரம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் முதல் 96 லட்சம் கிலோமீட்டர் வரை மாறுகிறது. ஆகவே இதன் வானத்தில் நெப்டியூன் ஒரு காலத்தில் 2 பாகைக்கு மேலும், வேறொரு காலத்தில் 18 கலையாகவும் தோன்றும். சூரியனோ எப்பொழுதும் 1 கலைதான். வட்டம் என்று கண்ணால் பிரித்தறிவதே அரிது. மங்கள்யானுக்குச் செய்த கணக்கை இங்கும் செய்யலாம். அண்மையில் நிழலைக் கடந்தால் நாலரை மணி நேரம். சேய்மையில் கடந்தால் ஏறத்தாழ 30 மணி நேரம்.

சூரியனும் உபகிரகமும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தோன்றும் இடம் வேறு எங்குமே இல்லையா என்று மாணவர் கேட்கக்கூடும். சனியின் வளையங்களுக்கு அருகே சுற்றும் பாண்டோரா என்னும் சிறு உபகிரகம், சனியின் மேகப் பரப்பிலிருந்து பார்க்கச் சூரியனின் அளவை ஒட்டியே இருக்கும். ஆனால் அது நீண்டு கோணலான பாறையாதலால் ஒரு பக்கம் சூரியனை மறைக்கும்போது மறுபக்கம் ஒளி வழிந்துவிடும். மேலும் சனிக்கு நிற்பதற்குத் தரையும் இல்லை. உருண்டையான உபகிரகம், அளவான தூரம், நின்று பார்க்கத் தரை ஆகிய மூன்றும் கூடிய இடம் சூரிய குடும்பத்துக் கிரகங்களுள் பூமி ஒன்றே. 1868இல் குண்டூரில் ஜான்சன் சூரியனின் விளிம்பிலுள்ள சுவாலைகளை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்ததும், 1875இல் மெல்டோலாவின் குழு கமோர்த்தாவுக்குக் கப்பலேறியதும் அப்பொருத்தத்தை நம்பியே.

இப்பாடத்தைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே சூரிய ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் வெள்ளைத் தாளில் விழச் செய்தால், 9 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டம் ஒன்று தோன்றும். அது துளையின் உருவமன்று, சூரியனின் உருவம். மர நிழலில் இலைகளின் இடுக்கு வழியே தரையில் விழும் வட்டங்களும் அவ்வாறே சூரியனின் உருவங்கள். கிரகண நேரத்தில் அவை அனைத்தும் பிறை வடிவாகிவிடும். செவ்வாயில் இதே சோதனையைச் செய்தால் அவ்வட்டம் 6 மில்லிமீட்டராகும். வியாழனுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. சனிக்கு ஒரு மில்லிமீட்டர். நெப்டியூனுக்கு ஒரு மணற்பொடி. இவ்வளவுகளைத் தாளில் வரிசையாக வரைந்து, அவற்றின்மேல் அந்தந்த உபகிரகங்களை அதே அளவில் கருந்தாளில் வெட்டி வைத்தால், மேலே கூறிய கிரகணங்கள் யாவும் மேசையின்மீதே நிகழும். துளையின் வழியே விழும் ஒளியைத் தாளில்தான் பார்க்க வேண்டும். துளையின் வழியே கண்ணை வைத்துச் சூரியனை நோக்குதல் எக்காலத்தும் ஆகாது. புகைபடிந்த கண்ணாடியும், நீர் நிறைந்த தட்டில் தெரியும் பிம்பமும்கூடக் கண்ணுக்குத் தீங்கே.

2031 மே 21ஆம் நாள் ஒரு கங்கண கிரகணம் கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியாக வங்கக் கடலைக் கடந்து மலேசியா நோக்கிச் செல்லும். அன்று அந்தமான் நிகோபார்த் தீவுகளில் சூரியனின் பெரும்பகுதி மறையும். பருவமழை இத்தீவுகளை எட்டும் காலம் அது. அட்டையோடு வெளியே வரும் மாணவர்கள் மேகத்தையும் எதிர்பார்த்தே நிற்க வேண்டியிருக்கும்.